பயந்த பெண்ணின் துணிவு
மேரி ஸ்லெசர் அம்மையார் (1848–1915)

நூற்றாண்டு காணும் நமது சங்கத்தின் இம் மலரைச் சிலர் யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையிலிருந்து வாசிப்பீர்கள். சிலர் கொழும்பில், சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் வாசிப்பீர்கள். எங்கே இருந்தாலும் பாடசாலை என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது காலை ஆராதனைதான். வரிசையாக மண்டபத்துக்குள் சென்று, பாட்டுப் பாடி, செபத்துக்குத் தலை குனிந்து நின்ற அந்தச் சில நிமிடங்கள் நம்மை விட்டு இன்னும் நீங்கவில்லை. சில நாட்களில் அங்கே ஆசிரியை ஒருவர் ஒரு பெரியவருடைய வாழ்க்கைக் கதையைச் சொல்லுவார். அப்படிக் கேட்ட கதைகளுள் ஒன்றை இங்கே மீண்டும் சொல்ல விரும்புகிறோம்.

மேரி ஸ்லெசர் அம்மையார் நமது நாட்டுக்கு வந்தவர் அல்லர். அவர் பிறந்தது ஸ்கொட்லாந்தில். உழைத்ததும் இறந்ததும் மேற்கு ஆபிரிக்காவில், இன்று நைஜீரியா எனப்படும் நாட்டின் தென்கிழக்கு மூலையில். அப்படியிருக்க, நமது மலரில் அவருக்கு ஏன் இடம் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இதுதான். பழைய மாணவிகள் கூடிப் பேசும்போது நம்மிற் பலர் ஒரு குறையை மெல்லிய குரலில் ஒப்புக்கொள்வதுண்டு. பேச்சுப் போட்டியிலும் நாடக மேடையிலும் பயமின்றி நின்ற நாம், நமது விசுவாசத்தைப் பற்றி ஒருவரிடம் வாய் திறக்க வேண்டிய வேளையில் ஊமையாகி விடுகிறோம். நோயுற்ற சிநேகிதியின் கட்டிலருகே அமர்ந்து காலநிலையைப் பேசிவிட்டு எழுந்து வருகிறோம். துணிவு சிலருக்குப் பிறவியிலேயே கிடைக்கும் வரம், நமக்கு அது இல்லை என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம். மேரி அம்மையாரின் வாழ்க்கை அந்தச் சமாதானத்தை நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறது. ஏனெனில் அவர் இயல்பிலே மிகவும் பயந்த சுபாவமுள்ளவர்.

1848ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி அபர்டீன் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் மேரி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் அவர் இரண்டாமவர். தகப்பனார் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. குடிப்பழக்கத்தால் அந்தத் தொழிலையும் இழந்தவர். தாயார் நெசவுத் தொழிலாளி, ஆழ்ந்த பக்தியுள்ளவர். 1859இல் குடும்பம் டண்டீ நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பதினொரு வயதிலேயே மேரி நெசவாலைக்குச் சென்றார். நாளின் ஒரு பாதி ஆலையில் வேலை. மறு பாதி ஆலை நடத்திய பாடசாலையில் படிப்பு. பதினான்கு வயதானதும் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை முழு நேரத் தொழிலாளியானார். தறியின் மேல் ஒரு புத்தகத்தைச் சாய்த்து வைத்து, நூல் ஓடும் இடைவேளைகளில் வரி வரியாக வாசித்தே அவர் தம் அறிவை வளர்த்துக்கொண்டார். நூலகமும் ஆய்வுகூடமும் உள்ள பாடசாலையில் படித்த நாம் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

சனிக்கிழமை இரவுகள் அந்த வீட்டில் பயங்கரமானவை. தாயும் மகளும் தம் வயிற்றைக் கட்டி மிச்சம் வைத்த உணவை, வெறியில் வரும் தகப்பன் நெருப்பில் எறிந்துவிடுவதும் உண்டு. அடிக்குப் பயந்து மேரி இருட்டிலே தெருவுக்கு ஓடி நின்ற இரவுகளும் உண்டு. இவற்றையெல்லாம் அயலவருக்குத் தெரியாமல் தாயும் மகளும் மறைத்து வாழ்ந்தனர். பயம் என்பதை மேரி முதலில் கற்றுக்கொண்டது தம் சொந்த வீட்டிலேதான்.

அவர் கிறிஸ்துவண்டை வந்ததும் பயத்தினாலேதான். டண்டீயில் ஒரு முதிய விதவை, தெருவில் திரியும் சிறுமிகளை வீட்டுக்குள் அழைத்து வேத வசனம் சொல்லுவார். ஒரு குளிர்கால நாளில் அவர் அடுப்பில் எரியும் நெருப்பைக் காட்டி, மனந்திரும்பாத ஆன்மாவுக்கு அதுவே கதி என எச்சரித்தார். சிறுமி மேரி அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. நடுக்கத்துடனேயே இரட்சகரிடம் தஞ்சம் புகுந்தார். ஆனால் பின்னாளில் தாம் நற்செய்தி சொல்லும் காலம் வந்தபோது அந்த நெருப்பை அவர் கையில் எடுக்கவில்லை. பயமுறுத்தி எவரையும் அழைப்பதில்லை, கடவுளுடைய அன்பைக் காட்டியே அழைப்பது என்று தீர்மானித்துக்கொண்டார். தாம் பெற்றதைத் தாம் பெற்ற விதத்திலேயே கொடுக்க வேண்டியதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

வாலிப வயதில் டண்டீயின் சேரிப் பகுதியொன்றில் ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியையாகப் பணி தொடங்கினார். அங்கே ஒரு சம்பவம். கூட்டத்தைக் குழப்பவென்று வந்த முரட்டுப் பையன்கள் அவரை ஒருநாள் சூழ்ந்துகொண்டனர். அவர்களுடைய தலைவன் ஒரு கயிற்றின் நுனியில் ஈயக் குண்டைக் கட்டி, அவருடைய தலையைச் சுற்றிச் சுழற்றத் தொடங்கினான். ஒவ்வொரு சுற்றிலும் குண்டு முகத்தை நெருங்கி வந்தது. மேரி முகம் வெளிறினார். ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. குண்டு நெற்றியை உராய்ந்ததும் பையன் கயிற்றைக் கீழே போட்டான். அதன்பின் அந்தக் கூட்டமே அவருடைய வகுப்பில் வந்து அமர்ந்தது. அன்று அவருக்குப் பயம் இல்லை என்று நாம் நினைத்துவிடக் கூடாது. கால்கள் நடுங்க நடுங்க ஓடாமல் நின்றார். அவ்வளவுதான். அவர் வாழ்நாள் முழுவதும் செய்ததும் இதுவேதான்.

தம் ஆண்பிள்ளைகளில் ஒருவன் மிஷனரியாக வேண்டும் என்பது தாயாருடைய ஆசை. ஆண்பிள்ளைகள் அந்த ஆசை நிறைவேறுமுன்னே இறந்துபோனார்கள். 1873இல் டேவிட் லிவிங்ஸ்டன் ஆபிரிக்காவில் மறைந்தார். அந்தச் செய்தி ஸ்கொட்லாந்தை எட்டியபோது பல இளைஞருடைய உள்ளம் அசைந்தது. நெசவாலைப் பெண்ணான மேரியின் உள்ளமும் அசைந்தது. அவர் சார்ந்த திருச்சபைக்கு கலபாரில் ஒரு மிஷன் இருந்தது. 1875இல் விண்ணப்பம் செய்தார். 1876 ஓகஸ்ட் 5ஆம் திகதி லிவர்பூல் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். அதே கப்பலில் சாராயப் பீப்பாய்கள் ஏராளமாக ஏற்றப்படுவதைக் கண்டு மனம் நொந்தார். சாராயம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. செப்டெம்பரில் கலபார் சேர்ந்தபோது அவருக்கு வயது 27.

அங்கே எஃபிக் மொழியை வெகு விரைவாகக் கற்று, அந்நாட்டவர் வியக்கும்படி பேசினார். மலேரியாக் காய்ச்சல் விடாமல் வருத்தியதால் 1879இல் தாய்நாடு திரும்பி, 1880இல் மீண்டும் வந்தார். இம்முறை தனி வீட்டில், அந்நாட்டு மக்கள் உண்ட உணவையே உண்டு எளிமையாக வாழ்ந்தார். அப்படி மிச்சம் பிடித்த பணம் ஸ்கொட்லாந்திலிருந்த தாய்க்கும் சகோதரிகளுக்கும் போயிற்று. குடும்பப் பாரத்தைச் சுமந்துகொண்டே ஊழியம் செய்த பெண் அவர். 1886இல் தாயும் ஒரு சகோதரியும் இறந்தபோது, தம் கதைகளைக் கேட்க இனி வீட்டில் எவரும் இல்லையே என்று ஏங்கினார். அதே வேளையில், தமக்காகக் கவலைப்பட எவரும் இல்லாததால் இனி உள்நாட்டுக்குச் செல்லலாம் என்றும் எண்ணினார்.

அக்காலத்தில் அப்பகுதியில் இரட்டைப் பிள்ளைகள் பிறப்பது பெரும் சாபமாகக் கருதப்பட்டது. பிள்ளைகளைக் கொன்றுவிடுவார்கள், தாயைக் காட்டுக்குத் துரத்திவிடுவார்கள். இரட்டையரில் ஒன்று தீய ஆவியின் பிள்ளை என்ற பயமே இதற்குக் காரணம். மேரி அந்தக் குழந்தைகளைத் தேடி எடுத்துத் தம் வீட்டில் வளர்த்தார். அவர்களுள் முதன்மையானவள் ஜேனி. அவளுடன் பிறந்த ஆண் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. ஜேனி வளர்ந்து அவருக்கு மகளும் வலக்கையுமானாள். பயத்தினால் நடக்கும் கொடுமையை மேரி வெறும் கொடுமையாக மட்டும் பார்க்கவில்லை. பயந்தவர்களுடைய மனம் அவருக்கு விளங்கியது. அவர்களைத் திட்டுவதற்கு முன் அவர்களுடைய குழந்தையை அவர் தூக்கிக்கொண்டார்.

1888 ஓகஸ்டில் ஒக்கொயொங் என்னும் உள்நாட்டுப் பகுதிக்குச் சென்றார். ஓயாத சண்டைக்கும் குடிக்கும் பெயர்போன இடம் அது. எயோ ஒனெஸ்ற்றி என்ற எஃபிக் அரசர் தம் வள்ளத்தைக் கொடுத்து அனுப்பினார். ஆற்றங்கரையிலிருந்து எக்கெங்கே கிராமத்துக்குக் காட்டு வழியே பல மைல் தூரம். பொழுது சாய்ந்துவிட்டது, மழை கொட்டியது. சுமை தூக்குவோர் வள்ளத்தை விட்டு வர மறுத்தனர். ஐந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, கடைக்குட்டியைத் தாமே சுமந்து, அழும் சிறுவர்களுக்குப் பாட்டுப் பாடியபடி மேரி முன்னே நடந்தார். கிராமத்தை அடைந்தபோது அது ஏறக்குறைய வெறுமையாக இருந்தது; மக்கள் ஒரு மரண வீட்டுக்குப் போயிருந்தனர். உணவும் மாற்றுடையும் இன்னும் வள்ளத்திலே. சேற்றில் சப்பாத்தை இழந்து, வெறுங்காலுடன் அதே இருட்டுக் காட்டுக்குள் மறுபடியும் சென்று, உறங்கியவர்களை எழுப்பிச் சுமைகளைக் கொண்டுவந்தார். நற்செய்தியின் தூதுவர் ஒக்கொயொங் சேர்ந்த விதம் இதுதான்.

அங்கே அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய துணை ஒரு பெண். தலைவர் எடெமுடைய சகோதரி மா எமே. எங்காவது ஓர் உயிருக்கு ஆபத்து நேரப் போகிறது என்று அறிந்தால், அந்த அம்மையார் மருந்து கேட்பதுபோல ஒரு போத்தலை மேரியிடம் அனுப்புவார். அதுவே இருவருக்கும் இடையிலான இரகசிய அடையாளம். போத்தலைக் கண்டதும் மேரி ஆயத்தமாகிவிடுவார். இப்படிக் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல. மா எமே கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. ஆயினும் மேரியின் நட்பு ஒருநாளும் குறையவில்லை. அவர் இறந்தபோது தம் அருமைச் சகோதரியை இழந்ததாகவே துக்கித்தார். பல சமயத்துப் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நமக்கு இந்த நட்பு அந்நியமானதல்ல. நம் விசுவாசத்தைச் சொல்லும் துணிவும், கேட்பவருடைய சுதந்திரத்தை மதிக்கும் அன்பும் ஒரே உள்ளத்தில் வாழ முடியும்.

ஒருமுறை தலைவர் எடெமுடைய மகன் எத்திம், வீடு கட்டும்போது மரம் விழுந்து படுகாயமடைந்தான். மேரி இரவு பகலாகப் பராமரித்தும் அவன் இறந்துபோனான். அத்தகைய மரணம் சூனியத்தாலேயே நேரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அயற்கிராமத்தார் பலர் பிடிக்கப்பட்டுச் சங்கிலியால் கட்டப்பட்டனர். எசெரே என்னும் நச்சு அவரையை அரைத்துக் குடிக்கக் கொடுத்து அவர்களைச் சோதிக்க ஆயத்தம் நடந்தது. மேரி என்ன செய்தார்? முதலில் இறந்தவனுக்கு மரியாதை செய்தார். மிஷன் பெட்டிகளில் இருந்த பட்டுத் துணி, நல்ல உடை, தலைப்பாகை, தொப்பி எல்லாவற்றாலும் உடலை அலங்கரித்து, குடை விரித்து, எல்லோரும் காணும்படி கதிரையில் இருத்தினார். தகப்பனுடைய துக்கத்தை அவர் உணர்ந்ததை மக்கள் கண்டனர். பின்னர் கைதிகளருகே காவலிருந்தார், வாதாடினார், கெஞ்சினார், கோபித்தார், அவ்விடம் விட்டு நகர மறுத்தார். நாட்கள் கடந்தன. ஒருவர் பின் ஒருவராகக் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். முடிவில் அந்தக் கல்லறையில் ஒரு மாடு மட்டுமே பலியாகியது. தலைவர் வீட்டு மரணத்துக்காக எந்த மனித உயிரும் போகாதது அந்நாட்டில் புதுமை.

இன்னொரு சமயம் ஒரு பெண்ணின் மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றித் தண்டிக்க இருந்தார்கள். மேரி அந்தப் பெண்ணுக்கும் நெருப்புக்கும் நடுவே போய் நின்றார். முகமூடி அணிந்தவன் எண்ணெய்க் கரண்டியைச் சுழற்றிக்கொண்டு நெருங்கினான். அவர் அசையவில்லை. கடைசியில் அவனே பின்வாங்கினான். டண்டீத் தெருவில் ஈயக் குண்டுக்கு முன் நின்ற அதே பெண்தான் அங்கேயும் நின்றார்.

ஆனால் இதே அம்மையார் விடுமுறையில் ஸ்கொட்லாந்து சென்றால் எப்படி இருப்பார் தெரியுமா? மாடு நிற்கும் வயலைத் தனியே கடக்க மாட்டார். வாகனம் நிறைந்த தெருவைக் கடக்க அருகிலிருப்பவருடைய கையைப் பிடித்துக்கொள்வார். மிஷன் கூட்டங்களில் ஆண்கள் அமர்ந்திருந்தால் நா எழாது. அவர்கள் வெளியே போக வேண்டும், அல்லது தம் கண்ணுக்குப் படாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வார். ஆயுதம் தாங்கிய வீரர்களின் நடுவே புகுந்து சண்டையை நிறுத்தியவர், நல்லுடை அணிந்த சபை மூப்பர் முன் பேசப் பயந்தார்! இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். சிரித்தபின் சிந்திக்கவும் வேண்டும். மேடையில் தம்மைப் பற்றிய எண்ணம் அவருக்கு வந்தது. ஒக்கொயொங்கில் சங்கிலியில் கிடந்தவரைப் பற்றிய எண்ணம் வந்தது. தம்மை மறந்த இடத்தில் பயமும் மறந்துபோயிற்று. துணிவின் இரகசியம் இதைவிட வேறில்லை என நாம் நினைக்கிறோம்.

அந்தத் துணிவுக்கு அவர் விலையும் கொடுத்தார். தம்மைவிடப் பதினெட்டு வயது இளையவரான சார்ள்ஸ் மொறிசன் என்ற மிஷன் ஆசிரியருடன் அவருக்கு விவாக நிச்சயம் நடந்தது. மொறிசனின் உடல்நிலை காரணமாக மிஷன் சபை அவரை ஒக்கொயொங்குக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை. மேரி ஒக்கொயொங்கை விட்டு வரச் சம்மதிக்கவில்லை. விவாகம் நடைபெறவில்லை. வெளியே எதுவும் சொல்லாமல் அந்த இழப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

1890களின் தொடக்கத்தில் பிரித்தானிய நிர்வாகம் அவரை அப்பகுதிக்கு நீதவான் போன்ற பொறுப்பில் நியமித்தது. குடியேற்ற ஆட்சியின் அதிகாரமும் நற்செய்தியும் ஒரே கையில் இருப்பது சரியா என்று இன்று நாம் கேட்பது நியாயமே. அவர் காலத்து எண்ணங்களும் குறைகளும் அவரிடமும் இருந்தன. ஆனால் மடியில் குழந்தையுடன் வழக்குக் கேட்ட அந்த நீதவான், சட்டத்தை அறியாத பெண்களுடைய பக்கத்தில் நின்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒக்கொயொங்கில் அவர் பதினைந்து ஆண்டுகள் உழைத்தார். முதலாவது திருவிருந்து ஆராதனை 1903இல்தான் நடந்தது. பங்குபற்றியவர்கள் மிகச் சிலரே. எண்ணிக்கையைப் பார்த்தால் அது தோல்விபோலத் தோன்றும். அவர் அப்படி எண்ணவில்லை. அடுத்த பகுதிக்குப் புறப்பட்டார். இற்று, அரோச்சுக்கு, இக்கொற் ஒபொங், உசே என்று ஆற்றின் வழியே உள்நாட்டுக்குள் சென்றுகொண்டேயிருந்தார். உசேயில் ஆதரவற்ற பெண்கள் தம் கையாலேயே உழைத்து வாழ ஓர் இல்லம் அமைத்தார். வயது ஐம்பதைத் தாண்டியபின் சைக்கிள் ஓட்டப் பழகினார். நடக்க இயலாத காலத்தில், தாய்நாட்டுப் பெண்கள் அனுப்பிய சிறு சில்லு வண்டியில் பிள்ளைகள் அவரைத் தள்ளிச் சென்றார்கள். 1915 ஜனவரி 13ஆம் திகதி உசேயில், தாம் வளர்த்த பெண்பிள்ளைகள் சூழ்ந்திருக்க, உயிர் நீத்தார். கலபாரில் அடக்கம் செய்யப்பட்டார். எல்லா மக்களின் தாய் என்று அந்நாட்டவர் அவரை அழைத்தனர். இரட்டைக் குழந்தைகளை ஏந்திய அவருடைய சிலை இன்றும் கலபாரில் நிற்கிறது. 1997இல் கிளைட்ஸ்டேல் வங்கி வெளியிட்ட 10 பவுண் தாளில் அவருடைய உருவம் இடம்பெற்றது. மிச்சம் பிடித்து வீட்டுக்குப் பணம் அனுப்பிய பெண்ணுக்கு அது பொருத்தமான மரியாதைதான்.

சகோதரிகளே, நம்மிற் பலர் காட்டு வழியில் நடக்கப் போவதில்லை. ஆயினும் நமக்கும் ஓர் ஒக்கொயொங் உண்டு. தனிமையில் வாடும் அயல்வீட்டு முதியவர், விவாகம் முறிந்த வகுப்புத் தோழி, கடைசி நாட்களை எண்ணிக்கொண்டு வைத்தியசாலையில் கிடக்கும் உறவினர், நம் நம்பிக்கை எங்கிருந்து வருகிறதென்று ஒருநாள் கேட்கப்போகும் பேரப்பிள்ளை — அவர்கள் முன் நமக்கும் நா உலரும். அப்போது பெரிய பிரசங்கம் எதுவும் தேவையில்லை. முதலில் அவர்களுடைய பாரத்தைத் தூக்குவோம். பிறகு, நம்மைத் தாங்கும் இரட்சகரைப் பற்றி நாம் அறிந்ததை எளிமையாகச் சொல்வோம். ஏற்பதும் ஏற்காததும் அவர்களுடைய சுதந்திரம்; அன்பு காட்டுவதோ நம்முடைய கடமை.

தெருவைக் கடக்கப் பயந்த ஒரு பெண்ணைக் கொண்டு கடவுள் இவ்வளவு செய்தார். நூறு ஆண்டுகள் கடந்த நமது சங்கத்தின் பிள்ளைகளாகிய நம்மைக் கொண்டும் செய்ய அவர் வல்லவர். பயத்துடனேயே முதல் அடியை எடுத்து வைப்போம்.